கார்டு இல்லாமல் வந்தவள்

பஞ்சாலைக் கிழவி தன் வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, உள்ளே இருப்பவர்களுக்கு முழு விவரமும் சொல்லிவிட்டுத்தான் உட்காரச் சொல்வாள். "லெட்சுமி. மம்பாவ். ஆறுமுகம் பொண்டாட்டி. ஒருத்தியாத்தான் வந்திருக்கா" என்று அடுப்படிப் பக்கம் குரல் போகும். சொந்த மருமகனுக்கும் இதே கதிதான். "மணியம். கெமாஸ். ரயில்வேல வேலை. ரெண்டு நாளு தங்குவாரு." கல்யாணமான புதிதில் மணியத்துக்கு இது சுருக்கென்று தைத்தது. பிறகு பழகிப்போய், வாசலில் நின்றபடி அடையாளக் கார்டை எடுத்து மாமியாரிடம் நீட்டுவார். அவளும் சிரிக்காமல் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுப்பாள்.

வீட்டில் யாராவது "அம்மா வந்திருக்காங்க" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டால் போதும், பஞ்சாலை கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். யாரு, எவரு, எந்த ஊரு என்று சொல்லத் தெரியாதா என்பாள். அப்படி மொட்டையாகச் சொல்லப்போய்த்தான் ஒரு தடவை துப்பாக்கியோடு ஏழு பேர் தன் வீட்டு வாசலுக்கு வந்தார்கள் என்பாள். கேட்பவர்கள் கிழவி கதை விடுகிறாள் என்று நினைப்பார்கள். ஏழு பேர் என்பதில் ஒருவர்கூடக் கூட்டல் இல்லை.

அது ஐம்பத்தொன்றாம் வருஷம், தைப்பூசம் முடிந்த மறுமாதம். மலாயாவில், ரெம்பாவிலிருந்து ஐந்து மைல் உள்ளே இருந்த சுங்கை கெலாடி ரப்பர் தோட்டத்தில், அதுவரை நாலாபக்கமும் சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். போகவும் வரவும் ஒரே ஒரு கேட்டு. அங்கே எஸ்.சி. என்று எல்லோரும் சொல்லும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் காவல்காரர்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது என்பது சட்டம். மரத்தில் பால் வெட்ட வெட்டுக்காட்டுக்குப் போகிறவன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து காட்ட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், யார் யார் என்று கேட்டில் ஒரு பட்டியல் இருந்தது. பட்டியலில் இல்லாத ஆள் ஒரு ராத்திரி தங்கிவிட்டால், தங்கியவனுக்கும் தங்க வைத்தவனுக்கும் சிறை.

நாலாம் லயம் ஏழாம் வீட்டுக்குப் பட்டியலில் இரண்டே பேர். அர்ச்சுனன், பால் வெட்டுகிறவன். பஞ்சாலை, அவன் மனைவி, இருபத்திரண்டு வயது, நிறைமாதம்.

மூன்றாவதாக ஒரு பெயர் இரண்டு வருஷத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டியது. அந்தப் பிள்ளை காலை முன்னே நீட்டிக்கொண்டு வந்தது. லயத்தில் வைத்துப் பார்த்தார்கள். தோட்டத்து வேன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை டவுன் ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பெறுவது என்று பஞ்சாலை வயிற்றில் உண்டான அன்றே முடிவு செய்துவிட்டாள். தோட்டத்தில் வைத்தியம் பார்க்கிற டிரெசர் எட்வர்ட் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இதுவும் நேராக இல்லை, குறுக்கே கிடக்கிறது, போவதுதான் சரி என்றார். கடிதம் எழுதினார். வருகிற வியாழக்கிழமை வேன் என்று ஏற்பாடாயிற்று. பஞ்சாலை இரண்டு கைலி, பிள்ளைக்குப் பழைய வேட்டித் துணி, தன் கார்டு, டிரெசர் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி, நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காய்ச்சல் அடித்தது. செவ்வாய்க்கிழமை குளிக்கும்போது நெஞ்சில் நாலைந்து கொப்புளம். முதுகில் என்ன இருக்கிறது பார் என்று பக்கத்து வீட்டு ராக்கம்மாவைக் கூப்பிட்டாள். ராக்கம்மா பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் கூப்பிவிட்டாள். முதுகு நிறைய முத்து.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் நோய் என்ற சொல்லை எடுக்கவில்லை. வந்திருப்பவள் ஆத்தா. அவளை நோய் என்றால் நாக்கு அழுகும். வாசலில் வேப்பிலை ஏறியது. தாளிப்பு நின்றது. மருந்து கூடாது, மூன்று தண்ணீர் ஊற்றி ஆத்தா இறங்கும்வரை வாசற்படி தாண்டக் கூடாது என்று ராக்கம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பஞ்சாலை பாயில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கெழம நான் போவணும்க்கா. ஆத்தாகிட்ட கேட்டுக்கறேன்."

"லீவு கேக்குறதுக்கு அவ என்ன ஆபீஸ் கிராணியாடி?"

"கிராணிகிட்ட கேட்டாத்தான் கெடைக்காது" என்றாள் பஞ்சாலை.

புதன்கிழமை காலை அர்ச்சுனன் வேலைக்குப் போகவில்லை. போகாதவன் ஏன் போகவில்லை என்று கேட்டில் வந்து சொல்ல வேண்டும். அன்று கேட்டில் இருந்தவன் யூசோப் என்ற பையன், வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கையில் புது நோட்டு, காதில் புதுப் பென்சில். ஏன் வேலைக்குப் போகவில்லை என்று மலாயில் கேட்டான்.

அர்ச்சுனனுக்குத் தெரிந்த மலாய் சந்தைக்குப் போதுமான மலாய். 'சாக்கிட்' என்றால் நோய் என்று அவனுக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஆத்தாவைப் போய் சாக்கிட் என்று எப்படிச் சொல்வது? யோசித்தான். தமிழில் எப்படிச் சொல்வானோ அதையே மரியாதையோடு மலாயில் சொன்னான்.

"எமாக் சுடா டாத்தாங்."

அம்மா வந்துவிட்டாள். யூசோப் நோட்டைத் திறந்தான். எந்த அம்மா, பெயர் என்ன என்றான். மாரி என்றான் அர்ச்சுனன். எங்கிருந்து வந்தாள்? அது யாருக்குத் தெரியும், அவள் எங்கேயும் இருப்பாள். எந்த வழியாக வந்தாள், கேட்டு வழியாக யாரும் வரவில்லையே? அவளுக்குக் கேட்டு எதற்கு? கார்டு இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு அர்ச்சுனன் கொஞ்சம் கோபப்பட்டான் என்றுகூடச் சொல்லலாம். பேச்சு முடிந்தபோது யூசோப்பின் நோட்டில் ஒரு பக்கம் நிறைந்திருந்தது.

பெயர் மாரி. பெண். வயது தெரியாது, மிகவும் மூத்தவள். கார்டு இல்லை. கேட்டு வழியாக வரவில்லை. மூன்று நாளாக நாலாம் லயம் ஏழாம் வீட்டில் இருக்கிறாள். கூழும் இளநீரும் கொடுக்கிறார்கள். எப்போது போவாள் என்று வீட்டுக்காரனுக்கே தெரியவில்லை. அவளைக் கோபப்படுத்தக் கூடாதாம்.

பத்து மணிக்குக் காவல்காரர்களின் சார்ஜன் ஐந்து பேரோடு வந்தார். வழி காட்ட யூசோப். ஆக ஏழு பேர். வீட்டை முன்னும் பின்னும் சுற்றிக்கொண்டார்கள். வாசலில் ராக்கம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். உள்ளே வருவதானால் வரலாம், ஆனால் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு வரவேண்டும் என்று தமிழில் சொன்னாள். சார்ஜனுக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் கழற்றியிருக்க மாட்டார்.

பஞ்சாலை வேப்பிலைமேல் சாய்ந்திருந்தாள். கதவில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒரு தொப்பி, ஒரு துப்பாக்கி. எமாக் எங்கே என்று சார்ஜன் கேட்டார். என்ன கேள்வி இது என்று பஞ்சாலை ஒரு கணம் திகைத்தாள். பிறகு மூடியிருந்த கைலியை விலக்கிக் கையை வெளிச்சத்தில் நீட்டிக் காட்டினாள். இதோ, இங்கேதான் இருக்கிறாள்.

சார்ஜன் குனிந்து பார்த்தார். "சாச்சார்" என்றார், மெதுவாகத்தான். அம்மைக்கு மலாயில் அதுதான் பெயர். வந்ததைவிட வேகமாக ஆறு பேர் வாசலைக் கடந்து போனார்கள். ஒருவருடைய தொப்பி முருங்கைக் கிளையில் தங்கிவிட்டது. யூசோப் மட்டும் நின்ற இடத்தில் நின்றான். சின்ன வயதில் அவனுக்கு வந்து போய்விட்டது. தாடையில் தழும்புகூட இருந்தது. அவன் பஞ்சாலையின் வயிற்றையும் பிஸ்கட் டின்னையும் தன் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். காது சிவந்துபோயிருந்தது.

இதுவரை சிரிப்பு. இதற்குப் பிறகுதான் வினை வந்தது. சார்ஜன் நேரே தோட்டத்து மேனேஜரான தொரையிடம் போய்ச் சொல்ல, மத்தியானத்துக்குள் நாலாம் லயத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு யாரும் உள்ளேயும் வரக் கூடாது, வெளியேயும் போகக் கூடாது. வியாழக்கிழமை வேன் கிடையாது. பிள்ளை பிறந்தால் பிறக்கட்டும், தோட்டத்திலேயே டிரெசர் இருக்கிறாரே என்றார் தொரை.

டிரெசர் எட்வர்ட் அதிர்ந்து பேசுகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடும்போதுகூட அவர் குரல் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. அவர் அன்று ஆபீசுக்குப் போய், தொரை மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, எனக்கு அதைத் திருப்பத் தெரியாது, போகவேண்டும் என்று நான் கேட்டேன், வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்கள், இவ்வளவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றார். தொரை அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில் அதே தாளில் பெர்மிட் எழுதிக் கொடுத்தார்.

ஒரு வாசல் திறந்தது, அடுத்தது அடைத்துக்கொண்டது. வேன் ஓட்டும் சன்னாசி முடியாது என்றார். சன்னாசி ஆடிமாதம் தீ மிதிக்கிறவர். சம்பளப் பணம், அரிசி மூட்டை, பிணம் எல்லாம் ஏற்றியிருக்கிறார், பயந்ததில்லை. ஆனால் ஆத்தா இறங்காத உடம்பை வாசற்படி தாண்டித் தூக்கிப்போனால் நாளைக்கு அவள் முன்னால் எந்தக் காலோடு தீயில் இறங்குவது என்று கேட்டார். அர்ச்சுனன் கெஞ்சினான். ராக்கம்மாகூட, சன்னாசி சொல்வதில் ஞாயம் இருக்கிறது என்றாள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற சன்னாசிக்குக் கேட்கிற மாதிரி பஞ்சாலை வாசல்வரை வந்து சொன்னாள்.

"சன்னாசிண்ணே, நான் போவல. அவ போறா. அவளுக்குத் தொணைக்கு நான் கூடப் போறேன். தேர ஓட்ட ஆளு வேணும்ல?"

சன்னாசி வேன் நிற்கும் பக்கம் நடந்துவிட்டார். அப்படிச் சொன்னது நம்பிக்கையா, சாமர்த்தியமா என்று பஞ்சாலையிடம் பிற்காலத்தில் கேட்டவர்கள் உண்டு. ரெண்டும் ஒண்ணுதானே என்பாள். வியாழக்கிழமை விடிந்தபோது வேன் கயிற்றுக்கு அருகில் நின்றது. மஞ்சள் தண்ணீரில் கழுவியிருந்தது. முன்னால் இரண்டு பக்கமும் வேப்பிலைக் கொத்து. சன்னாசி மஞ்சள் வேட்டி கட்டி, வெறுங்காலோடு ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு யூசோப். அம்மை வந்து போனவன் அவன் ஒருவன்தான் என்பதால் காவலுக்கு அவனையே அனுப்பினார்கள். அர்ச்சுனனை விடவில்லை. கயிற்றுக்கு உள்ளேயே நின்று, வேன் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

ரெம்பாவ் சந்திப்பில் தடுப்பு. வேப்பிலை கட்டிய வண்டியை அந்தப் போலீஸ்காரர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. உள்ளே என்ன என்று கேட்டார்கள். எமாக் என்றான் யூசோப். யாருடைய எமாக் என்றார்கள்.

யூசோப் பின்னால் திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டு, "அது இன்னும் பிறக்கவில்லை" என்றான். தடுப்பைத் தூக்கிவிட்டார்கள்.

மம்பாவ் தாண்டும்போது வலி கண்டது. சன்னாசி ஆத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினார். ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்காரர்கள், உள்ளே இருபது பச்சைப் பிள்ளைகள் இருக்கின்றன, அம்மையோடு இவளை எப்படி விடுவது என்றார்கள். தொற்றுநோய் வார்டுக்காரர்கள், இங்கே பிரசவம் பார்க்க ஒரு கட்டில்கூட இல்லை என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். இரண்டு சரிகளுக்கும் நடுவே, புல்வெளியில், பஞ்சாலை வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது விக்டோரியா மிஸ்ஸி வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்சுகளை எல்லாம் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் குள்ளமான, மூக்குக்கண்ணாடி போட்ட தமிழ் மிஸ்ஸி. தொற்றுநோய் வார்டின் கோடியில் துணி இஸ்திரி போடும் அறையைத் திறக்கச் சொன்னாள். மேசையில் மெத்தையைப் போட்டாள். எனக்கு ஏழு வயதிலேயே அம்மை வந்துவிட்டது, நீ கத்துவதானால் கத்து என்றாள்.

டாக்டர் வந்து கையாலேயே பிள்ளையைத் திருப்பினார். மூன்று மணிக்குப் பிறந்தது. பஞ்சாலை பார்த்தது ஒரு குதிகாலை மட்டும்தான். அதற்குள் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள்.

பொம்பளைப் பிள்ளை, நன்றாக இருக்கிறது என்று மிஸ்ஸி வந்து சொன்னாள். கடைசிப் பொருக்கு உதிரும்வரை தொடக் கூடாது என்றும் சொன்னாள்.

"எத்தன நாளு மிஸ்ஸி?"

"பத்து நாளாவது ஆகும்."

"பாலு?"

"டின் பால்."

டின் பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததை எல்லாம் கக்கியது. இரண்டாம் நாள் மிஸ்ஸி முகம் சரியில்லை. பால் கட்டிக்கொண்டு பஞ்சாலைக்கு நெஞ்சு கல்லாகியிருந்தது. அங்கே பிள்ளை பசியில் கத்த, இங்கே பாலைப் பிழிந்து தொட்டியில் ஊற்றினாள். அன்று சாயங்காலம் மிஸ்ஸி திரும்ப வந்தபோது வேறு ஒரு செய்தி கொண்டுவந்தாள். பிரசவ வார்டில் மீனா என்று, பெயர் மட்டும் நம்ம பெயர் மாதிரி, ஒரு மலாய்க்காரப் பெண், மூன்றாவது பையன் பிறந்திருக்கிறான், அவளுக்கு இரண்டு பிள்ளைக்குப் பால் இருக்கிறது. அழுகிற பிள்ளையைக் கேட்டுக்கேட்டுப் பொறுக்க முடியாமல் இங்கே கொடுங்கள் என்று கையை நீட்டிவிட்டாள். டாக்டரும் சரி என்றுவிட்டார். உனக்குச் சம்மதமா?

"இதப் போயி கேட்டுக்கிட்டு நிக்கிறீங்களே மிஸ்ஸி, ஓடுங்க."

மறுநாள் காலை புல்வெளிக்கு அந்தப் பக்கத்து ஜன்னலில் ஒரு பெண் தெரிந்தாள். உருண்டை முகம், தலையில் பூப்போட்ட துணி. இரண்டு கைகளாலும் ஒரு துணிப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள். "அனாக் சுடா டாத்தாங்" என்று கூவினாள். பிள்ளை வந்தாச்சு. அதன் பிறகு தினமும் காலையில் அதே ஜன்னல், அதே கூவல். பஞ்சாலை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பொட்டலம் நாளுக்கு நாள் பெரிதாவதுபோல் இருக்கும்.

ஐந்தாம் நாள் மிஸ்ஸி வழியாக மீனா சொல்லி அனுப்பினாள். எங்கள் வழக்கத்தில் ஐந்து முறை வயிறார ஊட்டிவிட்டால் பெற்ற பிள்ளை மாதிரிதான். நான் இருபது முறைக்குமேல் ஊட்டிவிட்டேன். இனி என் பையன்கள் மூன்று பேரும் இவளுக்கு அண்ணன் தம்பி, கட்டிக்கொள்ள முடியாது, வருத்தப்படாதே.

மூணு மாப்பிள்ளைக்குச் சீர் மிச்சம்னு சொல்லுங்க என்று பஞ்சாலை பதில் அனுப்பினாள். அந்தப் பக்கத்து வார்டில் எழுந்த சிரிப்பு புல்வெளி தாண்டிக் கேட்டது.

மீனா பிள்ளைக்காகவே நாலு நாள் கூடுதலாகத் தங்கினாள். வீட்டுக்குப் போகிற அன்று, தன் பையனை ஒரு தோளிலும் இவளை ஒரு தோளிலும் போட்டுக்கொண்டு, பஞ்சாலையின் ஜன்னலுக்குப் பத்தடி தள்ளி வந்து நின்றாள். கம்போங் பத்து லெசோங், ரெம்பாவிலிருந்து நாலே மைல், சூராவுக்கு, அதாவது சின்னப் பள்ளிவாசலுக்குப் பின்னால் மங்குஸ்தான் மரம் நிற்கிற வீடு என்று மெதுவாக, அர்ச்சுனன் மலாயைவிட எளிதான மலாயில் சொன்னாள். இவள் தன் கையால் சோறு எடுத்துத் தின்கிற வயது வந்ததும் ஹரி ராயா பெருநாளுக்குக் கூட்டி வா. என் வீட்டில் ஒரு வேளை சாப்பிடட்டும். வேறு எதுவும் வேண்டாம்.

"கட்டாயம் வருவேன்" என்றாள் பஞ்சாலை தமிழில். மீனா தலையாட்டினாள்.

ஆத்தா இறங்கினாள். பிள்ளைக்கு ஒரு கொப்புளம்கூட வரவில்லை. முத்து போட்டிருந்தபோது பிறந்தவள் என்று முத்தாயி என்று பெயர் வைத்தார்கள். ஏழாம் வீட்டுப் பட்டியலில் மூன்றாவது பெயரை யூசோப்தான் எழுதினான்.

முதல் ராயாவுக்குப் பிள்ளைக்குச் சோறு தின்னும் வயதில்லை. அடுத்த ராயாவுக்குச் சாலையில் எங்கோ துப்பாக்கிச் சூடு, கேட்டை மூடிவிட்டார்கள். மூன்றாவது ராயாவுக்குத் தடை எதுவும் இல்லை. பஞ்சாலை முத்தாயிக்குப் புதுச் சட்டை போட்டு, ஒரு சீப்பு ராஸ்தாளி எடுத்துக்கொண்டு கேட்டுவரை போனாள். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, எங்கே போகிறோம் என்று பிள்ளை கேட்டது. உன் இன்னொரு அம்மா வீட்டுக்கு என்று பஞ்சாலை விளையாட்டாகச் சொன்னாள். பிள்ளை கொஞ்சம் யோசித்தது.

"அப்ப நான் அங்கயே இருந்துக்கவா?"

மூன்று வயது நிறையாத பிள்ளை, எதையோ நினைத்து எதையோ கேட்டது. பஸ் வந்தது, நின்றது, போனது. பஞ்சாலை ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி, பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டதாக அர்ச்சுனனிடம் சொன்னாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான் அவன். அடுத்த வருஷம் அதற்கடுத்த வருஷமாயிற்று. பிறகு போவதற்குக் கூச்சம் வந்துவிட்டது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? அர்ச்சுனன் இறந்துபோனான், தோட்டம் கைமாறியது, குடும்பம் மம்பாவுக்கு வந்தது. ரெம்பாவ் பஸ் வீட்டு வாசலிலேயே நின்றுபோகும்.

சாகக் கிடந்தபோதுதான் பஞ்சாலை இதை மகளிடம் சொன்னாள். "ஒரு வேளச் சோறு நீ அங்க திங்கணும். நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்றாள். ஊர், சூராவ், மரம் எல்லாம் சரியாகச் சொன்னாள். பஸ்ஸில் ஏறாமல் திரும்பிய அன்றைக்கு உனக்கு என்ன பயம் என்று முத்தாயி கேட்டாள். பஞ்சாலை மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஞ்சாலை செத்து நாலு ராயா வந்து போய்விட்டது. முத்தாயி இன்னும் போகவில்லை. மீனா உயிரோடு இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பாள். அந்த வீட்டில் அந்த ஒரு வேளைச் சோறு இன்னும் தின்னப்படாமல் இருக்கிறது.